எந்தச் சுவிட்ச் விழுந்தது?

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் சின்னம்மா வீட்டில் ஒரு மாதமாக ஒரே கரைச்சல். நாளுக்கு இரண்டு தடவை, சில நாள் மூன்று தடவை, வீடு முழுக்கக் கரண்ட் நிற்கும். மழை இல்லை, இடி இல்லை, அயல் வீடுகளில் லைற் எரிந்துகொண்டிருக்கும். போய் ட்ரிப் சுவிட்சைத் தூக்கிவிட்டால் ஒன்றுமே நடவாததுபோல விழாமல் நிற்கும். எட்டுப் பத்து மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் விழும். விடியப்புறம் இரண்டு மணிக்கும் விழுந்திருக்கிறது.

"ஒருத்தரும் ஒண்டும் போடேல்லைத் தம்பி, எல்லாரும் நித்திரை. அப்ப ஏன் விழுது?" என்று சின்னம்மா கேட்டார். வந்து பார்த்த வயரிங்காரர் ட்ரிப்தான் பழுது என்று சொல்லிப் புதிதாக ஒன்றை மாற்றிவிட்டுப் போனார். புதியதும் விழுந்தது.

அந்த வீட்டு ட்ரிப்பில் ஒரு பழுதும் இருக்கவில்லை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. சுவிட்ச் விழுந்தால் நாங்கள் முதலில் திட்டுவது சுவிட்சைத்தான். ஆனால் எந்தச் சுவிட்ச் விழுந்தது, எப்போது விழுந்தது என்று இரண்டு கேள்வி கேட்டாலே பாதிப் பழுது பிடிபட்டுவிடும். அதற்குச் சுவரில் இருக்கும் பெட்டியைக் கொஞ்சம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கம்பத்தில் இருந்து வரும் வயர் முதலில் மீற்றருக்குப் போகிறது. மீற்றரும், அதோடு சேர்ந்திருக்கும் பியூஸோ பிரேக்கரோ மின்சார சபையுடையவை. முத்திரை இட்டிருப்பார்கள், அதில் நாங்கள் கை வைக்கக் கூடாது. அங்கிருந்து வீட்டுக்குள் வருவது மெயின் சுவிட்ச். அடுத்தது ட்ரிப் சுவிட்ச்: மற்றவற்றைவிட அகலமாக இருக்கும், 'டெஸ்ட்' பண்ணச் சின்னப் பொத்தான் ஒன்றும் இருக்கும். அதற்குப் பிறகு வரிசையாக நிற்கிற ஒல்லிச் சுவிட்சுகள்தான் எம்சிபி. ஒன்று லைற்றுகளுக்கு, ஒன்று குசினிப் பிளக்குகளுக்கு, ஒன்று கிணற்று மோட்டருக்கு என்று வீட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருப்பார்கள்.

வீடு முழுக்க இருட்டு, ஆனால் பெட்டியில் ஒன்றும் விழவில்லை என்றால் வெளியே எட்டிப் பாருங்கள். ஒழுங்கை முழுக்க இருட்டென்றால் பேசாமல் இருக்கலாம். உங்கள் வீடு மட்டும் இருட்டென்றால் பழுது மீற்றர்ப் பக்கத்தில் இருக்கலாம்; மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்ல வேண்டியதுதான். வீட்டின் ஒரு பகுதி மட்டும் நின்றிருந்தால் ஒல்லிச் சுவிட்சுகளில் ஒன்று விழுந்திருக்கும். முழு வீடும் நின்று, அகலச் சுவிட்ச் கீழே கிடந்தால் அது வேறு கதை. இந்த இரண்டும் விழுவதற்கான காரணங்கள் வேறு வேறு. அதைத் தெரியாமல்தான் நிறையப் பேர் பிழையான இடத்தில் பழுது தேடுகிறார்கள்.

ஒல்லிச் சுவிட்ச் ஏன் விழுகிறது?

அதற்கு ஒரே ஒரு கவலைதான்: சுவருக்குள் ஓடும் வயர் சூடாகி எரிந்துவிடக் கூடாது. வயருக்குள் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்பதை அம்பியரில் சொல்வார்கள். கணக்கு மிக லேசு. சாமானில் எழுதியிருக்கும் வாட்ஸை 230 ஆல் பிரித்தால் அம்பியர் வரும், ஏனென்றால் எங்கள் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். 2000 வாட்ஸ் கேத்தில் ஒன்று 8.7 அம்பியர் எடுக்கும். 700 வாட்ஸ் ரைஸ் குக்கர் 3 அம்பியர். 1000 வாட்ஸ் அயன் பொக்ஸ் 4.3 அம்பியர். சீலிங் ஃபானை இந்தக் கணக்கில் சேர்க்கவே தேவையில்லை, அது அரை அம்பியருக்கும் குறைவு. சூடாக்குகிற சாமான்கள்தான் கரண்டைக் குடிப்பவை.

நல்லூர்த் திருவிழாக் காலத்தை நினைத்துப் பாருங்கள். கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் சனம் வந்து வீடு நிரம்பியிருக்கிறது. குசினியில் கேத்தில் கொதிக்கிறது, பக்கத்தில் 2000 வாட்ஸ் இன்டக்ஷன் அடுப்பில் கறி, ரைஸ் குக்கரில் சோறு, மைக்ரோவேவில் நேற்றைய சாப்பாடு. எல்லாம் ஒரே 16 அம்பியர் எம்சிபியில். கூட்டிப் பார்த்தால் 25 அம்பியரைத் தாண்டும். ஆனால் எம்சிபி உடனே விழாது. அதற்குள் இரண்டு உலோகங்களைச் சேர்த்து ஒட்டிய சின்னத் தகடு ஒன்று இருக்கிறது. கரண்ட் கூடினால் அது சூடாகி மெல்ல மெல்ல வளையும். போதுமான அளவு வளைந்ததும் சுவிட்சைத் தட்டிவிடும். அளவை மீறிய கரண்ட் கொஞ்சம் என்றால் அதிக நேரம் பொறுக்கும், நிறைய என்றால் குறைந்த நேரம்தான். 17 அம்பியர் போனதும் 16 அம்பியர் எம்சிபி விழ வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். தரத்தின்படி அது 23 அம்பியரளவில் ஒரு மணித்தியாலத்துக்குள் விழுந்தாலே போதும்.

ஆகவே போட்டு சில நிமிடம் கழித்து விழுகிறதென்றால், தூக்கிவிட்டதும் உடனே நிற்காமல் கொஞ்சம் ஆறிய பிறகு நிற்கிறதென்றால், அது பாரம் கூடிய பிரச்சினை. இரண்டு சாமானைக் கழற்றினால் முடிந்தது.

போட்ட கணமே 'டப்' என்று விழுந்தால் அது ஷோர்ட். கரண்டைக் கொண்டுவரும் லைவ் வயரும் அதைத் திருப்பிக் கொண்டுபோகும் நியூட்ரல் வயரும் எங்கோ நேரடியாக முட்டுகின்றன. நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும். அப்போது தகடு வளையும் வரை காத்திருக்க நேரமில்லை. அதற்காக எம்சிபிக்குள் ஒரு காந்தச் சுருளும் இருக்கிறது. கண் மூடித் திறப்பதற்குள் அது இழுத்து விழுத்திவிடும். இப்படி விழுந்ததை ஒருமுறை தூக்கிப் பார்க்கலாம். திரும்பவும் விழுந்தால் நிறுத்துங்கள். 'இன்னொருக்கால் பார்ப்பம்' என்று பத்துத் தடவை தூக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த நூற்றுக்கணக்கான அம்பியர் உங்கள் வயருக்குள்ளால் போய் வருகிறது.

இன்னொன்று, விழுந்த சுவிட்ச் சில வேளை நடுவில் நிற்கும். அப்படியே மேலே தள்ளினால் பிடிக்காது. முதலில் முழுதாகக் கீழே தள்ளி, பிறகுதான் மேலே. இது தெரியாமல் எம்சிபி பழுது என்று புதிது வாங்கினவர்களும் உண்டு.

ட்ரிப் சுவிட்சின் கணக்கு வேறு

அகலச் சுவிட்சுக்குப் பாரத்தைப் பற்றிக் கவலையே இல்லை. அது ஒரு கணக்கப்பிள்ளை மாதிரி. லைவ் வயரால் வீட்டுக்குள் போன கரண்ட் எவ்வளவு, நியூட்ரல் வயரால் திரும்பி வந்தது எவ்வளவு என்று மட்டும் பார்க்கும். போனதும் வந்ததும் சமமாக இருக்க வேண்டும். குறைகிறதென்றால், மிச்சம் எங்கோ மண்ணுக்குள் ஒழுகுகிறது: ஈரச் சுவர் வழியாக, மோட்டரின் உடம்பு வழியாக, அல்லது உங்கள் உடம்பு வழியாக. அந்த வித்தியாசம் 30 மில்லி அம்பியரை எட்டினாலே அது விழுந்துவிட வேண்டும். 9 வாட்ஸ் எல்இடி பல்பு ஒன்று எடுப்பதைவிடக் குறைந்த கரண்ட் அது. ஆனால் அதற்கு மேற்பட்ட கரண்ட் நெஞ்சு வழியாகக் கொஞ்ச நேரம் ஓடினால் இதயத் துடிப்பு குழம்பிவிடலாம்.

எங்கள் ஊர்களில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒழுகும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் தொடுப்புத்தான் எர்த். இலங்கையில் வீட்டு எர்த்தை மின்சார சபை தருவதில்லை. ஒவ்வொரு வீடும் தன் வளவுக்குள் ஒரு கம்பியை இறக்கித் தானே எர்த் எடுத்துக்கொள்ள வேண்டும். வலிகாமத்தில் மேலே கொஞ்சம் செம்மண், அதைத் தாண்டினால் சுண்ணாம்புக்கல். கம்பி இறங்குவதே பாடு. கோடையில் மண் காய்ந்தால் எர்த் இன்னும் மோசமாகும். உங்கள் எர்த்தின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கிரைண்டருக்குள் லைவ் வயர் அறுந்து உடம்பில் முட்டினால் மண்ணுக்குள் ஓடுவது 230 ஐ 50 ஆல் பிரித்த 4.6 அம்பியர்தான். 16 அம்பியர் எம்சிபிக்கு இது ஒரு பாரமே இல்லை, பேசாமல் நிற்கும். கிரைண்டரின் உடம்பில் நாள் முழுக்கக் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். ட்ரிப்புக்கோ 4.6 அம்பியர் மலை மாதிரி. அந்தக் கணமே விழுத்திவிடும். அதனால்தான் 'அடிக்கடி விழுது' என்று ட்ரிப்பைக் கழற்றி டிரெக்டாக இணைக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அதைச் செய்து கொடுக்கிற வயரிங்காரர் மேல் இன்னும் கோபம் வரும்.

ட்ரிப் காப்பாற்றாத இடமும் ஒன்று உண்டு. ஒரு கையால் லைவையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தால் போனதும் வந்ததும் சமம். உங்களையும் ஒரு பல்பாகத்தான் அது நினைக்கும்.

சரி, எங்கே ஒழுகுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? செருப்புப் போட்டுக்கொண்டு, காய்ந்த கையோடு பெட்டிக்கு முன்னால் நில்லுங்கள். எம்சிபி எல்லாவற்றையும் கீழே விடுங்கள். ட்ரிப்பைத் தூக்குங்கள். நின்றால், எம்சிபிகளை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது ட்ரிப் விழுகிறதோ, ஒழுக்கு அந்தப் பகுதியில். அந்தப் பகுதியில் செருகியிருக்கும் எல்லாச் சாமான்களையும் கழற்றிவிட்டுத் திரும்பத் தூக்குங்கள். இப்போது நிற்கிறதென்றால் வயரில் பிழையில்லை, சாமான் ஒன்றில்தான். ஒவ்வொன்றாகச் செருகிப் போட்டுப் பாருங்கள், கள்ளன் தானாக அகப்படுவான்.

இதில் ஒரு இடத்தில் எல்லோரும் தவறுகிறார்கள். பிளக்கைக் கழற்றுங்கள் என்றால் சுவிட்சை மட்டும் ஓஃப் பண்ணிவிட்டு 'கழற்றியாச்சு' என்பார்கள். பிளக் பேஸில் உள்ள சுவிட்ச் அநேகமாக லைவ் வயரை மட்டும்தான் வெட்டும். ஒல்லி எம்சிபியும் அப்படித்தான். நியூட்ரல் அப்படியே தொடுப்பில் இருக்கும். சாமானுக்குள் நியூட்ரலும் எர்த்தும் முட்டியிருந்தால், சுவிட்ச் ஓஃப் ஆக இருந்தாலும் வேறொரு அறையில் ஃபான் போடும்போது ட்ரிப் விழும். நீங்கள் ஃபானைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பிளக்கைப் பிடித்து வெளியே இழுத்தால்தான் கழற்றியதாகக் கணக்கு.

எல்லாவற்றையும் கழற்றியும் விழுகிறதென்றால் வயரிங்கில் பழுது. அதற்கு மெகர், அதாவது வயரின் உறை வழியாகக் கரண்ட் ஒழுகுகிறதா என்று அளக்கும் கருவி, வைத்திருக்கும் ஆள் வேண்டும். டெஸ்டரை மட்டும் சட்டைப் பையில் வைத்திருப்பவரால் இதைப் பிடிக்க முடியாது.

சின்னம்மா வீட்டில் இப்படித் தேடிப் பிடிக்க முடியவில்லை. எல்லாம் செருகியிருக்கும்போதும் விழாமல் நிற்கிற ட்ரிப்பில் எதைத் தேடுவது? இங்கேதான் அந்த இரண்டாவது கேள்வி: எப்போது? ஒரு கொப்பித் தாளைக் கிழித்துப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி, விழும்போதெல்லாம் நேரத்தை எழுதச் சொன்னேன். நாலு நாளில் எட்டு வரி சேர்ந்தது. காலை, மாலை, நடுச்சாமம் என்று நேரங்கள் தாறுமாறாக இருந்தன. ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் எப்போதும் எட்டுக்கும் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கும் இடைப்பட்ட நேரம். மனிதர்கள் இப்படி ஒழுங்காக ஒன்றும் செய்வதில்லை. வீட்டில் இரவு பகலாகத் தானே ஓடித் தானே நிற்கிற சாமான் ஒன்றுதான்: பிரிட்ஜ்.

ஐஸ் பிடிக்காத வகைப் பிரிட்ஜுக்குள், உறைந்த பனியை உருக்க ஒரு சின்ன ஹீற்றர் இருக்கும். பல மணித்தியாலத்துக்கு ஒருமுறை அது தானாக வேலை செய்யும். அந்த ஹீற்றரின் உறை வெடித்து, உருகிய தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஹீற்றருக்குக் கரண்ட் வந்ததும் ஒழுகும், ட்ரிப் விழும். திரும்பக் கரண்ட் வந்தால் பிரிட்ஜ் நேரத்தை முதலில் இருந்து எண்ணத் தொடங்கும், ஹீற்றர் போடாது, ட்ரிப் நிற்கும். பிரிட்ஜை ஒரு நாள் கழற்றி வைத்து, மீனையும் இறைச்சியையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் பார்த்தோம். ஒருதரமும் விழவில்லை. ஹீற்றரை மாற்றியதோடு சரி. வீணாகக் கழற்றப்பட்ட பழைய ட்ரிப் இன்னும் லாச்சிக்குள் கிடக்கிறது.

மழைக்காலத்தில் தேடல் இதைவிடச் சுகம். ஐப்பசி, கார்த்திகையில் ட்ரிப் விழுந்தால் நான் முதலில் பார்ப்பது வெளியே இருப்பவற்றைத்தான்: கிணற்றடி மோட்டரின் சுவிட்ச் பெட்டி, கேற் லைற், மாடிப்படிக்குக் கீழே தொங்கும் ஹோல்டர். மோட்டர்ப் பெட்டியைத் திறப்பதென்றால் மெயினை நிறுத்திவிட்டு. உள்ளே சிற்றெறும்புக் கூடோ, காய்ந்து கருகிய பல்லியோ இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக் காற்று பித்தளைத் திருகுகளைப் பச்சையாக்கி வைத்திருக்கும். இடி மின்னலில் விழுந்த ட்ரிப்பைத் தூக்கிவிட்டால் பெரும்பாலும் நிற்கும்; அது பழுதல்ல. ஆனால் இடிக்கு முன்பே டிவியையும் ரவுட்டரையும் கழற்றிவிடுவது நல்லது. மின்னல் தள்ளிவிடும் வோல்டேஜை ட்ரிப் மறிக்காது.

எந்தச் சுவிட்சுக்கும் தெரியாத பழுது

என்னைக் கேட்டால் மிக ஆபத்தானது இதுதான், ஏனென்றால் ஒன்றும் விழாது. திருகு தளர்ந்த பிளக் பேஸ், சரியாகப் பொருந்தாத பிளக். கரண்ட் போவதும் வருவதும் சமம், அளவும் கூடவில்லை. ஆனால் அந்தத் தளர்ந்த இடத்தில் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். எங்கள் வீடுகளில் இதற்கு நாங்களே வழி செய்து வைத்திருக்கிறோம். சதுரப் பின் 13 அம்பியர் பிளக் பேஸின் மேல் துளைக்குள் பேனையை விட்டு மூடியைத் திறந்து, இரண்டு உருண்டைப் பின் உள்ள பிளக்கைக் கீழே செருகுவோமே, அதைச் செய்யாத வீடு யாழ்ப்பாணத்தில் உண்டா? பின் உருண்டை, துளை சதுரம். ஓரமாக மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். போன் சார்ஜருக்கு அது தாங்கலாம். கேத்திலுக்கும் அயன் பொக்ஸுக்கும் அப்படிச் செய்தால் பிளாஸ்டிக் மண்ணிறமாகி, மீன் பொரிந்த மாதிரி ஒரு வாடை வரும். வாடை வந்தால் அந்தப் பகுதி எம்சிபியை நிறுத்துங்கள், பேஸை மாற்றும் வரை அதில் ஒன்றும் செருகாதீர்கள்.

பழைய நாற்சார் வீடுகளிலும், இடம்பெயர்ந்து வருசக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீடுகளிலும் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். சிவப்பு, கறுப்பு, பச்சை வயர் ஓடும் காலத்து வயரிங் அது. இப்போதைய வயர்கள் மண்ணிறம், நீலம், பச்சை மஞ்சள். பாதி பழையது, பாதி புதியது என்று ஒட்டுப் போட்ட வீடுகளில் நிறத்தை நம்பி ஒன்றையும் தொட வேண்டாம். தொண்ணூறுகளில் கரண்டே இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்கு, லைற் எரிந்தால் போதும் என்ற மனநிலை இன்னும் இருக்கிறது. அந்த வயர்களின் மேல் ஏசியையும் ஹீற்றரையும் ஏற்றும்போதுதான் சிக்கல்.

அப்படி ஏற்றிவிட்டு எம்சிபி விழுகிறதென்று 16 ஐக் கழற்றி 32 போடுகிறவர்கள் உண்டு. கடையில் 7/0.67 என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், வளையமாகப் பெட்டிக்குத் திரும்பி வராமல் ஒரேயொரு ஓட்டமாகப் போயிருந்தால் 32 அம்பியரைத் தாங்காது. இப்போது எம்சிபி விழாது, உண்மைதான். வயர் சுவருக்குள் வேகும். பாரம் கூடினால் புதிய வயர் இழுக்க வேண்டும், அந்தச் செலவுக்குக் குறுக்குவழி இல்லை.

கடைசியாக, தேடிக்கொண்டே நிற்காமல் மெயினை உடனே நிறுத்த வேண்டிய ஒரு சந்தர்ப்பம். சில பல்புகள் வழமையைவிடப் பளிச்சென்று எரிகின்றன, சில மங்குகின்றன, ஃபான் பேய் பிடித்ததுபோலச் சுற்றுகிறது என்றால், கம்பத்திலோ மீற்றர்ப் பக்கத்திலோ நியூட்ரல் அறுந்திருக்கலாம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரைகூட ஏறலாம். மெயினைக் கீழே விட்டு, பிளக்குகளைக் கழற்றி, 1987க்கு அழையுங்கள். அயல் வீடுகளுக்கும் ஒரு குரல் கொடுங்கள், அவர்களுக்கும் அதே கம்பம்தான்.

வயரிங்காரரைக் கூப்பிடும்போது 'கரண்ட் நிக்குது' என்று மட்டும் சொல்லாமல், அகலம் விழுந்ததா ஒல்லி விழுந்ததா, போட்டதும் விழுந்ததா சுணங்கி விழுந்ததா, எதைக் கழற்றியபோது விழாமல் நின்றது என்று சொல்லிவிடுங்கள். மாதம் ஒருமுறை ட்ரிப்பின் டெஸ்ட் பொத்தானையும் அமத்திப் பாருங்கள், விழ வேண்டும். விழாவிட்டால் அன்றைக்குத்தான் ட்ரிப் பழுது.